கை தெரியுது, அடி தெரியேல்லை: குமித்தேயில் கண் எங்கே நிற்க வேண்டும்?

"மாஸ்ரர், கை தெரியுது, ஆனா அடி தெரியேல்லை."

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் மாலை நேரக் கராத்தே வகுப்பு தொடங்கிய காலத்திலிருந்து இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆரம்பத்தில் வேகம் போதாது என்று நினைத்து அவர்களை ஓடவிட்டேன், கயிறு அடிக்கவிட்டேன். வேகம் கூடியது. வாங்கிய அடி குறையவில்லை. கையும் காலும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. கண்தான் தவறான இடத்தில் நின்றது.

உங்கள் குறை எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டியது ஏதும் இருந்தால் அது கடைசியில். முதலில் உள்ளவற்றைப் பார்க்காமல் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம்.

எல்லாரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஒருவர் உங்கள் எதிராளியின் தோளுக்குப் பின்னால் நின்று, உங்கள் முகம் நிறையத் தெரியும்படி ஃபோனில் படம் பிடிக்கட்டும். அரை வேகத்தில் ஒரு நிமிடம் குமித்தே, அதாவது இருவர் மோதும் பயிற்சி, செய்யுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். கருவிழி எத்தனை தரம் கீழே இறங்குகிறது, எத்தனை தரம் பக்கவாட்டில் ஓடுகிறது? ஒரு தம்பியின் வீடியோவை இப்படி எண்ணத் தொடங்கி 20ஐத் தாண்டியதும் விட்டுவிட்டோம். அவனே சிரித்துவிட்டான். "என்ர கண் கிரிக்கெட் பந்து பாக்கிறமாதிரி ஓடுது!"

கண் நிற்க வேண்டிய இடம் எதிராளியின் கழுத்துக் குழி. இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கிற அந்தப் பள்ளம். முறைக்க வேண்டாம், பார்வையை அங்கே இறக்கி வைத்தால் போதும். அப்படி வைத்தால் நாடி, இரண்டு தோள், இரண்டு முழங்கை எல்லாம் ஓரப் பார்வைக்குள் வந்துவிடும். தூரம் சரியாக இருந்தால் இடுப்பும் முன்காலும் வரும். எதிராளியை முன்காலின் பெருவிரலை ஆட்டச் சொல்லுங்கள். கழுத்துக் குழியை விட்டுக் கண் அசையாமலே அது தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் கிட்ட நிற்கிறீர்கள், அல்லது நாடியை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தளவுதான். மிச்ச இடமெல்லாம் மங்கல், ஆனாலும் அங்கே ஏதாவது அசைந்தால் பிடித்துவிடும். அந்த நகத்தளவைக் கொண்டுபோய் ஒரு கையுறையில் ஒட்டிவிட்டால் மற்றக் கையுறையை யார் பார்ப்பது?

அறிகுறி 1: அடி பட்ட பிறகுதான் தெரிகிறது

கையைப் பார்க்கிறீர்களா? பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்பது என் அனுபவம். எதிராளியின் உடுப்பில், கழுத்துக் குழிக்கு நேரே ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டுங்கள். அவர் மெதுவாகக் குத்தட்டும். நீங்கள் தடுக்கக் கூடாது, "இடம்", "வலம்" என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். கை புறப்படுவதற்கு ஒரு கணம் முன்னமே தோள் அசைவதைச் சில நிமிடத்திலேயே பிடித்துவிடுவீர்கள். பிளாஸ்ரரை விட்டுக் கண் இறங்கினால் முதலில் இருந்து தொடங்குங்கள். இரண்டு கிழமை வகுப்புத் தொடக்கத்தில் இதை 3 நிமிடம் செய்தால் போதும்.

சரியான இடத்தைப் பார்த்தும் அடி படுகிறதா? அப்படியென்றால் தூரத்தைப் பாருங்கள். கண்ணால் கண்டு உடம்பை அசைக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அடி எடுத்து வைக்காமலே எட்டுகிற தூரத்தில் நின்றால் அந்த நேரம் கிடைக்காது. இருவரும் முன்கையை நீட்டினால் முஷ்டியோடு முஷ்டி மட்டும் தொட வேண்டும். புதியவர்களுக்கு அதுதான் அளவு.

தூரமும் சரியா? பக்கத்தை மாற்றி நில்லுங்கள். எங்கள் மண்டபத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு பெரிய கதவு. பின்னேரம் ஐந்து மணிக்கு வெயில் அதற்குள்ளால் நேரே கண்ணில் அடிக்கும். கதவைப் பார்த்து நிற்பவர் அடி வாங்குவார், கதவுக்கு முதுகு காட்டி நிற்பவர் அடிப்பார். நானோ யார் திறமைசாலி என்று ஒரு மாதமாகத் தப்பாக எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பக்கம் மாறியதும் குறையும் மாறினால் அது வெளிச்சத்தின் குற்றம். ஒரு பழைய சாக்கைக் கதவில் தொங்கவிட்டேன், அதோடு தீர்ந்தது. மின்னி மின்னி எரிகிற ரியூப் லைட்டுக்குக் கீழேயும் குமித்தே வைக்க வேண்டாம்.

இதுவும் இல்லையென்றால் ஒரு கேள்வி: வீட்டில் கண்ணாடி போடுகிறீர்களா? என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வருடம் முழுக்க வாசலில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. "ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டால், "நீங்கள் விடமாட்டியள் எண்டு நினைச்சன் மாஸ்ரர்" என்றாள். கண்ணாடி இல்லாமல், குமித்தே தூரத்தில் நின்று, சுவர்க் கலண்டரில் உள்ள நாள் இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் எந்தப் பயிற்சியும் உதவாது. கண் பரிசோதனை செய்யத்தான் வேண்டும்.

சாதாரணக் கண்ணாடியோடு குமித்தே ஒருபோதும் வேண்டாம், உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி குமித்தே போட்டியில் கண்ணாடி போட முடியாது. மென்மையான கான்டாக்ட் லென்ஸைச் சொந்தப் பொறுப்பில் போடலாம். வகுப்புக்கு மட்டும் என்றால் பொலிகார்பனேட் வில்லை போட்ட விளையாட்டுக் கண்ணாடி இருக்கிறது. விலை கூடத்தான். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

அறிகுறி 2: பொய் அடிக்கு ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்

கண் துள்ளுகிறது. எதிராளி இடக்கையை ஆட்டினால் கண் அங்கே ஓடுகிறது, ஓடுகிற அந்த நேரத்தில் எதையும் பார்ப்பதில்லை. நம்பிக்கை இல்லையா? கண்ணாடிக்கு முன்னால் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பிறகு வலக்கண்ணைப் பாருங்கள். உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். எதிராளி உங்களை அடிப்பது அந்த இடைவெளியில்.

இன்னொரு காரணம், எதிராளியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது. கண்ணால் கீழே பார்த்து மேலே அடிக்கப் பழகியவர்களிடம் அது எடுபடாது.

நம்மூரில் கிளித்தட்டு விளையாடிய யாருக்கும் இதன் மருந்து ஏற்கெனவே தெரியும். கோட்டில் மறித்து நிற்பவனைத் தாண்டும்போது அவன் கையையா பார்த்தீர்கள்? கையை அவன் எங்கே வேண்டுமானாலும் விரிப்பான். இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்த்தீர்கள், அதற்கு எதிர்ப் பக்கம் பாய்ந்தீர்கள். இங்கேயும் அதே கதைதான். பொய் அடியில் கை மட்டும் வரும், இடுப்பும் பின்குதிக்காலும் பெரும்பாலும் வராது. பார்வை கழுத்துக் குழியில் நிற்க, இடுப்பு ஓரத்தில் தெரியட்டும்.

பயிற்சிக்கு எதிராளி 10 அசைவு செய்யட்டும், அதில் 7 பொய், 3 உண்மை, எது எப்போது என்று சொல்லக் கூடாது. உண்மைக்கு மட்டும் நீங்கள் அசைய வேண்டும். பொய்க்கு அசைந்தால் ஒரு தண்டால். இந்த அறிகுறிக்கு வைத்தியர் தேவைப்படாது. ஆனால் நன்றாகப் பொய் அடிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் தேவை. சம வயதுப் பெடியள் ஒருவரையொருவர் ஏமாற்றிப் பழகினால் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் பழகுவார்கள்.

அறிகுறி 3: குத்து தெரிகிறது, கால் தெரியவில்லை

பெரும்பாலும் கிட்ட நிற்பதுதான் காரணம். மேலே சொன்ன பெருவிரல் சோதனையைச் செய்யுங்கள். தூரம் சரியென்றால் ஹெட் கார்டை (தலைக் கவசத்தை) கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கழற்றியதும் கால் தெரிந்தால், கன்னப் பகுதி தடித்திருக்கிறது அல்லது உங்கள் அளவு இல்லை. இரவல் ஹெட் கார்டில் இது சகஜம். கால் வரும் என்ற பயத்தில் காலையே பார்க்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு முகத்தில் குத்து விழும். கால் தூக்க வேண்டுமென்றால் முதலில் பாரம் மற்றக் காலுக்குப் போக வேண்டும், அப்போது தோள் ஒரு பக்கம் சரியும். அதைக் கழுத்துக் குழியிலிருந்தே பார்க்கலாம்.

அறிகுறி 4: அடி வரும்போது கண் மூடுகிறது, முகம் திரும்புகிறது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பயிற்றுநர்கள் அதிகம் கெடுப்பது இங்கேதான், நானும் கெடுத்திருக்கிறேன். "கண்ணைத் திற! கண்ணைத் திற!" என்று கத்தினேன். கத்தக் கத்த அந்தப் பிள்ளைக்கு என் சத்தத்துக்கே கண் மூடத் தொடங்கியது. முகத்துக்கு ஏதாவது வந்தால் இமை மூடுவது உடம்பின் காவல், அதைத் திட்டி நிறுத்த முடியாது. ஒரு கணம் இமைத்துத் திறப்பது குற்றமும் இல்லை. மூடியபடியே இருப்பதும் முகத்தைத் திருப்புவதும்தான் குற்றம்.

முதலில் மூச்சைப் பாருங்கள். கண்ணை இறுக்குகிறவர்கள் பெரும்பாலும் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதிராளி குத்தும் ஒவ்வொரு முறையும் "ஸ்" என்று மூச்சு விடச் சொல்லுங்கள். பலருக்கு இதிலேயே பாதி போய்விடும்.

போகவில்லையென்றால் படியாக வாருங்கள். முதல் நாள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும் குத்து, மெதுவாக, 20 தரம். எப்போது வருகிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டே குத்த வேண்டும். அடுத்த வகுப்பில் எண்ணாமல். அதற்கடுத்து நான்கு விரல் தள்ளி. பிறகு கையுறையால் நெற்றியில் மெல்லத் தொடுவது. தொடும்போது எதிராளி மற்றக் கையால் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும், அது கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் முதல் படிக்கே திரும்ப வேண்டிவரும்.

கண் எரிந்து மூடுகிறதா? வியர்வை. நெற்றியில் ஒரு துணிப் பட்டி கட்டுங்கள். பட்டி கட்டியும் எரிந்தால், அல்லது ஒரு கண் மட்டும் மூடினால், கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முன்பு இல்லாத இந்தப் பழக்கம் ஒரு பலமான அடிக்குப் பிறகு தொடங்கியதா? சில கிழமை கழிந்தும் போகாமல், நித்திரையும் கெடுகிறதா? அது பயிற்றுநர் தீர்க்கிற விஷயம் இல்லை. குமித்தேயை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் பேசச் சொல்லுங்கள். எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் கட்டாவை மட்டும் செய்துகொண்டு வகுப்புக்கு வரட்டும், வீட்டில் இருக்க விடாதீர்கள்.

அறிகுறி 5: எதிராளியைப் பார்த்தால் உறைந்துபோகிறேன்

முறைத்துப் பார்க்கிறீர்கள். கண்ணைச் சுற்றி இறுக்கம், புருவம் சுருங்கல், பிறகு கழுத்து, பிறகு தோள். ஜப்பானியப் போர்க்கலைகளில் இதற்கு "என்சான் நோ மெட்சுகே" என்று ஒரு சொல் உண்டு, தூரத்து மலையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பது. இதை முதன்முதல் வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் இருந்து ஒருவன் கேட்டான்: "மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில மலைக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. கீரிமலை என்று பேரில் மலை இருக்கிறது, போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான்.

அதனால் நாங்கள் பனையை வைத்துக்கொண்டோம். வயல் ஓரத்தில் நின்று தூரத்துப் பனை வரிசையில் நடுப் பனையைப் பாருங்கள். அதையே பார்த்தபடி, இரு கரையிலும் கடைசிப் பனை எது என்று கண்ணை அசைக்காமல் உணருங்கள். எங்காவது ஓலை ஆடும், ஒரு காகம் எழும்பும். திரும்பாமலே அது தெரியும். பண்ணைப் பாலத்தடியில் கடலைப் பார்த்தும் செய்யலாம். பிறகு மண்டபத்துக்கு வந்து, எதிராளியின் கழுத்துக் குழியை அந்த நடுப் பனையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். காங்கேசன்துறை வீதியில் போகும்போது ஒவ்வொரு ஒழுங்கையையும் யாராவது திரும்பிப் பார்த்துக்கொண்டா போகிறோம்? பார்வை முன்னால் இருக்கும், ஒழுங்கைக்குள்ளால் நாய் பாய்ந்தால் கை தானே பிரேக்கில் விழும்.

பார்வை இளகியும் உறைகிறதென்றால் எதிராளியை மாற்றுங்கள். ஒருவரிடம் மட்டும் உறைகிறீர்கள் என்றால் அது கண் விவகாரம் இல்லை, உங்கள் இருவருக்கும் இடையில் வேறு ஏதோ இருக்கிறது. பயிற்றுநரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: நான் அடிக்கப்போவது எதிராளிக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது

அடிக்கப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு அடிக்கிறீர்கள், அவ்வளவுதான். முதல் சோதனையில் எடுத்த வீடியோவிலேயே தெரியும். அடிக்கும்போதும் கண் கழுத்துக் குழியை விட்டு இறங்கக் கூடாது. வயிற்றுக்கு அடித்தாலும் அப்படித்தான்.

அறிகுறி 7: ஒரே பக்கத்தில்தான் அடி வாங்குகிறேன்

ஒருவரிடம் மட்டுமா, எல்லாரிடமுமா?

ஒருவரிடம் மட்டும் என்றால் அவர் இடக்கைக்காரரா பாருங்கள். வலக்கைக்காரரின் பலமான கை உங்கள் இடப்பக்கத்திலிருந்து வந்து பழக்கம், இடக்கைக்காரருடையது வலப்பக்கத்திலிருந்து வரும். அவரோடு அதிகம் விளையாடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

எல்லாரிடமும் என்றால் முதலில் அந்தப் பக்கக் கை இறங்கியிருக்கிறதா என்று வீடியோவில் பாருங்கள். அடுத்து முகத்தின் திருப்பம். உடம்பைப் பக்கவாட்டில் வைத்து முகத்தையும் அதோடு திருப்பிவிட்டால் மூக்கே ஒரு கண்ணை மறைக்கும். அடுத்து ஹெட் கார்ட்.

இவை எல்லாம் சரி, இன்னும் படுகிறது என்றால் இரண்டு சோதனை. நண்பர் ஒருவர் ஒரு மீற்றர் தள்ளி நேரே இருக்கட்டும். நீங்கள் வலக்கண்ணைப் பொத்துங்கள், அவர் இடக்கண்ணைப் பொத்தட்டும். ஒருவர் திறந்த கண்ணை மற்றவர் பார்த்தபடி இருக்க, அவர் இருவருக்கும் நடுவால் ஒரு விரலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரட்டும். மேல், கீழ், இடம், வலம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் தெரிய வேண்டும். மற்றக் கண்ணுக்கும் அப்படியே. அடுத்தது பேனாவும் மூடியும். கையை நீட்டிப் பிடித்து, பக்கத்திலிருந்து கொண்டுவந்து மூடியைப் பேனாவில் மாட்டுங்கள். ஒரு கண்ணைப் பொத்தினால் தடுமாறும், இரண்டு கண்ணாலும் லேசாக மாட்ட வேண்டும். இரண்டு கண்ணாலும் தடுமாறினால், அல்லது விரல் சோதனையில் ஒரு பக்கம் தாமதித்தால், கண் கிளினிக்குக்குப் போங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத சோம்பல் கண்ணை இளம் வயதில் பிடித்தால்தான் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். 40 தாண்டிய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: குளுக்கோமா என்ற கண் நோய் ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும், தின்னப்படுவது ஆளுக்குத் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் குமித்தேக்கு முன் பரிசோதித்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி 8: அடி பட்ட பிறகு பார்வையில் மாற்றம்

இங்கே நீங்களாகச் செய்யும் சோதனை எதுவும் இல்லை. மின்னல் வெட்டுவதுபோல ஒளி, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கூடுதல், ஓரத்தில் திரை இறங்குவதுபோல மறைத்தல், இரட்டையாகத் தெரிதல், கருவிழிக்கு முன்னால் இரத்தம் தேங்குதல், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. வாந்தி, தலைச்சுற்று, மயக்கம், கதை குழறல் இருந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

போகும் வழியில் கண்ணைக் கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, வலிக்கு அஸ்பிரின் போடக் கூடாது. நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் வேண்டவே வேண்டாம். அம்மம்மா சொன்னாலும் வேண்டாம். தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடப் போகிறவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் கண், எத்தனை மணிக்கு, முஷ்டியா காலா தலையா, கையுறை இருந்ததா, லென்ஸ் போட்டிருந்தாரா. அங்கே முதலில் கேட்பது இதைத்தான், அடி வாங்கியவருக்கு அந்த நேரம் ஞாபகம் இருக்காது. வைத்தியர் எழுதித் தரும்வரை அவருக்குக் குமித்தே இல்லை. "இப்ப சுகம் மாஸ்ரர்" என்று அடுத்த நாளே வந்து நிற்பார். தாளைக் கேளுங்கள்.